28 வயசு, மூணு வருஷ பிராக்டீஸ் தீர்ப்பு: இனி லா காலேஜுக்கு அப்ளை பண்றதே வேஸ்ட்டா?

23 மே 2025, இரவு 9.12 (கேள்வி)

அக்கா, எனக்கு 28 முடிஞ்சுது. பி.எஸ்சி, 61 பர்சன்ட். சொந்த ஊர் மன்னார்குடி, சென்னையில ஒரு கம்பெனியில நைட் ஷிஃப்ட் வேலை. மூணு வருஷ எல்.எல்.பி படிச்சு சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுதணும்னு நாலு வருஷமா நினைச்சிட்டே இருக்கேன். 20ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துடுச்சு, மூணு வருஷம் வக்கீலா பிராக்டீஸ் பண்ணாம அந்தப் பரீட்சையை எழுதவே முடியாதாம். ரூம்ல இருக்கறவங்க எல்லாம் இனிமே வேஸ்ட்டுங்கறாங்க. இந்த வருஷம் அப்ளை பண்றதா, காசு சேர்த்துட்டு ரெண்டு வருஷம் கழிச்சா, இல்ல மொத்தமா விட்டுடறதா?

23 மே 2025, இரவு 11.40

கோர்ட் லீவு தம்பி, அதான் தூங்காம இதை எழுதிட்டிருக்கேன். மே மாசம் சிவில் கோர்ட் எல்லாம் மூடிக் கிடக்கும், வக்கீலுங்களுக்கு கல்யாண வீடு, காதுகுத்துன்னு அலையறதுதான் வேலை.

தீர்ப்பு உண்மைதான். ஜட்ஜுங்க சங்கம் போட்ட ரொம்ப வருஷத்து கேஸ் அது. முன்னாடி இருந்த மூணு வருஷ விதியை நடுவுல எடுத்திருந்தாங்க, இப்போ திரும்ப கொண்டாந்துட்டாங்க. ஏற்கெனவே நோட்டிஃபிகேஷன் வந்த பரீட்சைக்கு இது பொருந்தாது. உனக்கு பொருந்தும், நீ இன்னும் அப்ளிகேஷன் ஃபாரம் கூட பாக்கல.

கணக்கு போடு. இந்த வருஷம் சேர்ந்தா 2028ல முடிப்ப, 31. என்ரோல் பண்ணி, அதாவது வக்கீலா பதிவு பண்ணி, வக்கீலுங்க அமைப்பான பார் கவுன்சில் வைக்கற பரீட்சை பாஸ் பண்ணின தேதிலேருந்து மூணு வருஷம், அதுக்குள்ள 35 ஆயிடும். ரெண்டு வருஷம் தள்ளினா 37. ஜட்ஜு பரீட்சைக்கு வயசு வரம்பு உண்டு, பரீட்சை வருஷா வருஷம் வர்றதும் கிடையாது.

நான் என்ன பண்ணேன்னு கேட்டா, காசு சேர்த்துட்டுதான் போனேன். கும்பகோணத்துல ஒரு பாத்திரக்கடையில பன்னெண்டு வருஷம் கணக்கு எழுதினேன், பித்தளை அண்டாவை எடை போட்டு பில் போடற வேலை. 33 வயசுல, 2017ல, திருச்சி அரசு சட்டக்கல்லூரியில சேர்ந்தேன். அதனால என் பதில், முதல்ல காசு, அப்புறம் அப்ளிகேஷன்.

24 மே 2025, காலை 7.05

நேத்து அரைத்தூக்கத்துல ஒரு தப்பு. மூணு வருஷத்தை அந்தப் பரீட்சை பாஸ் பண்ணின தேதிலேருந்து எண்ண வேண்டாம், அதுக்கு முன்னாடி கிடைக்கற தற்காலிகப் பதிவு, ப்ரொவிஷனல் என்ரோல்மென்ட், அந்தத் தேதிலேருந்தே எண்ணலாம்னு தீர்ப்புலயே இருக்கு. ஆக 34ன்னு வச்சுக்க. ஜட்ஜுங்ககிட்ட லா கிளார்க்கா (சட்டம் படிச்ச உதவியாளரா) இருந்த காலமும் கணக்குல சேரும். பத்து வருஷ அனுபவம் உள்ள வக்கீல் ஒருத்தர் நீ உண்மையிலேயே பிராக்டீஸ் பண்றேன்னு சர்டிஃபிகேட் கொடுக்கணும், அதுல அந்தக் கோர்ட்டோட நீதிபதி கையெழுத்தும் வேணும். சும்மா என்ரோல் பண்ணிட்டு சென்னை ரூம்ல உக்காந்து கைடு படிச்சா ஆகாது, அதுக்காகத்தான் இந்த விதியே.

ஒரு வருஷம் மிச்சம். ஹாப்பியா?

24 மே 2025, மதியம் 2.30

நைட் ஷிஃப்ட் போயிட்டே படிக்கலாமான்னு தனியா கேட்டிருக்க. முடியாது. சட்டப்படியும் கஷ்டம், உடம்புக்கும் முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும், தகுந்த காரணம் இருந்தா 65 வரைக்கும் விடலாம், அவ்வளவுதான். 2024 செப்டம்பர்ல பார் கவுன்சில் ஆஃப் இந்தியா ஒரு சர்க்குலர் போட்டுச்சு, பயோமெட்ரிக் வைக்கணும், வேலையில இருக்கறவன் அதைச் சொல்லணும், கம்பெனியிலேருந்து ஆட்சேபனை இல்லைன்னு லெட்டர் வாங்கணும், க்ரிமினல் கேஸ் இருந்தா அதையும் சொல்லணும்னு. உன் டீம் லீடர்கிட்ட போய் பகல் பூரா காலேஜ் போகணும், லெட்டர் குடுங்கன்னு கேட்டுப் பாரேன், வேலையை விடற முடிவை அவரே எடுத்துடுவாரு.

அடுத்து நீ என்ன கேப்பன்னு தெரியும், கிளாஸுக்கே போகாம ஆந்திராவுல லா டிகிரி வாங்கலாமான்னு. பாத்திரக்கடைக்கே ஒரு ஏஜென்ட் வருவாரு, வெள்ளைச் சட்டை, பாக்கெட்ல ரெண்டு பேனா. "நீங்க வரவே வேணாம்மா, எக்ஸாமுக்கு மட்டும் ரயில் டிக்கெட் போட்டுக்குங்க." லெட்டர் பேட் காலேஜ்னு நாங்க சொல்றது இதைத்தான். எங்க சொந்தத்துல ஒருத்தர் அப்படி டிகிரி வாங்கினாரு. வக்காலத்துக்கும் மெமோவுக்கும் வித்தியாசம் தெரியாம முன்சீப் கோர்ட்ல அவர் முழிச்சதை பெஞ்ச் கிளார்க் இன்னைக்கும் டீக்கடையில நடிச்சுக் காட்டுவாரு.

25 மே 2025, இரவு 10.10

இன்னொரு தம்பி கேட்டிருக்காரு, பத்தாவதுக்கு அப்புறம் பிளஸ் டூ படிக்காம நேரா ஓப்பன் யுனிவர்சிட்டியில டிகிரி வாங்கினேன், மூணு வருஷ லா சேரலாமான்னு. கஷ்டம் தம்பி. பார் கவுன்சிலோட 2008 சட்டக்கல்வி விதியில, அடிப்படைப் படிப்பு இல்லாம ஓப்பன் யுனிவர்சிட்டி வழியா நேரா வாங்கின டிகிரி செல்லாதுன்னு தெளிவா இருக்கு. பத்து, பன்னெண்டு, டிகிரி, வரிசை மாறக்கூடாது. பிளஸ் டூ படிச்சிட்டு தபால்ல டிகிரி வாங்கினவங்க இதைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது வேற கதை.

மார்க் 45 வேணும், எஸ்.சி., எஸ்.டிக்கு 40. இது அப்ளை பண்ணத்தான். நம்ம ஊர்ல என்ட்ரன்ஸ் கிடையாது, சீட் உன் டிகிரி மார்க்கையும் கம்யூனிட்டியையும் வச்சு, 69 சதவீத இடஒதுக்கீட்டுப்படி. அதனால 61ங்கறது எந்த கேட்டகரியில நிக்குதுங்கறதுதான் விஷயம். ரெண்டு வருஷம் காத்திருந்தா வயசு ஏறும், டிகிரி மார்க் ஏறாது. இதை முதல் நாளே சொல்லியிருக்கணும் நான்.

29 மே 2025, இரவு 11.55

காசுக்கு வர்றேன். காலேஜ் ஃபீஸ் விஷயமே இல்ல. அரசு சட்டக்கல்லூரியில வருஷத்துக்கு நான் கட்டினதை விட கும்பகோணம் திருச்சி ரயில் சீசன் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும்தான் அதிகம்.

விடியக்காலை ரயில். பாபநாசம், ஐயம்பேட்டை, தஞ்சாவூர், பூதலூர், திருவெறும்பூர், பொன்மலை, அப்புறம் திருச்சி ஜங்ஷன். தஞ்சாவூர் வரைக்கும் தூங்குவேன், தஞ்சாவூர்ல கூட்டம் ஏறினதும் முழிச்சு புத்தகத்தைத் திறப்பேன். கான்ட்ராக்ட் ஆக்ட் பூரா தஞ்சாவூருக்கும் பூதலூருக்கும் நடுவுல படிச்சதுதான், இன்னைக்கும் ஆஃபர், அக்செப்டன்ஸ்னு யாராவது சொன்னா எனக்கு வயல்காத்து அடிக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் கடைக்குப் போய் வாரக்கணக்கை எழுதிக் கொடுத்துட்டு வருவேன், முதலாளி அதுக்கு கொடுத்த காசு ரயிலுக்குப் போச்சு.

செலவு காலேஜ் முடிஞ்சப்புறம்தான். நான் கடைசி செமஸ்டர்ல இருந்தப்போ கொரோனா, என்ரோல் பண்ணினது 2021. கவுன், கோட், என்ரோல்மென்ட்னு பல ஆயிரம் போச்சு. (2024 ஜூலை 30ல சுப்ரீம் கோர்ட், சட்டத்துல இருக்கற 750 ரூபாய்க்கு மேல, எஸ்.சி., எஸ்.டிக்கு 125க்கு மேல என்ரோல்மென்ட் ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா ஏற்கெனவே வாங்கினதைத் திருப்பித் தர வேணாமாம். எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு.) அப்புறம் சீனியர் ஆபீஸ். முதல் வருஷம் எனக்குக் கிடைச்சது ஒரு நாளைக்கு நூறு ரூபாய், அதுவும் கோர்ட் இருக்கற நாள்ல. மாசக் கடைசியில எண்ணினா பாத்திரக்கடைச் சம்பளத்துல கால்வாசி.

2024 ஜூன்ல தமிழ்நாடு பார் கவுன்சில் ஒரு சர்க்குலர் விட்டுச்சு, ஹைகோர்ட் சொன்னதை வச்சு. ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம் கொடுக்கணும்னு. எங்க பார் ரூம்ல அதைப் படிச்சுட்டு ஒரு சீனியர், "எனக்கே யாராவது 15,000 கொடுத்தா நல்லாருக்கும்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான்.

அதனால நீ சேர்க்க வேண்டியது காலேஜுக்கு இல்ல, 31லேருந்து 34 வரைக்கும் சாப்பிடறதுக்கு.

1 ஜூன் 2025, காலை 6.20

மேல எழுதினதைப் படிச்சுப் பார்த்தா எனக்கே இடிக்குது. ஜூனியர் காலத்துக்குத்தான் காசு வேணும்னா, அந்தக் காசை இப்பவே கையில வச்சுட்டுதான் சேரணும்னு என்ன இருக்கு? மூணு வருஷம் நடுவுல இருக்குல்ல. யோசிக்கறேன். நாளையிலேருந்து கோர்ட் திறக்குது, கேஸ் கட்டு எல்லாம் தூசி தட்டணும்.

3 ஜூன் 2025, இரவு 8.45

இதுக்கு நடுவுல எங்க அக்கா பொண்ணு, பிளஸ் டூ போறா, "சித்தி நான் அஞ்சு வருஷ லா, கிளாட் எழுதட்டுமா"ன்னு கேக்கறா. கிளாட்ங்கறது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்ல சேர்றதுக்கான என்ட்ரன்ஸ். அவளுக்கு என் பதில் நேர் எதிர், இப்பவே முடிவு பண்ணு. கிளாட் டிசம்பர்லயே வந்துடும், பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னாடி. ரெண்டு மணி நேரத்துல 120 கேள்வி, தப்புக்கு கால் மார்க் போகும், பூரா இங்கிலீஷ் பத்தி பத்தியா படிக்கணும். ரிசல்ட் வந்தப்புறம் யோசிக்கலாம்ங்கற பேச்சுக்கே இடமில்ல. நம்ம அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு பிளஸ் டூ மார்க் போதும், அதுக்கு ரிசல்ட் வந்தப்புறம் ஃபாரம் போட்டாப் போதும்.

திருச்சி நவலூர் குட்டப்பட்டுல இருக்கற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தை அவளுக்கு வெளியிலேருந்து காட்டினேன். ஃபீஸைப் பார்த்துட்டு எங்க அக்கா, "ஏன்டி, உங்க காலேஜ்லயே சேத்து விடேன்"ங்கறா. இதுக்குத் தனியா ஒரு நாள் எழுதறேன்.

(எழுத மாட்டேன், எனக்கே தெரியும்.)

14 ஜூன் 2025, இரவு 10.30

தம்பி "ஐபிசி படிச்சதெல்லாம் போச்சாமே, லேட்டா சேர்றது நல்லதுதானே அக்கா"ன்னு ஒரு பாயின்ட் எடுத்திருக்கான். பாதி சரி. ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1லேருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு. கொலை 302ன்னு சினிமா பார்க்கற குழந்தைக்குக் கூட தெரியும், இப்போ அது 103. 420 இப்போ 318(4). என்கிட்ட வர்ற கட்சிக்காரர் ஒருத்தர், சீட்டுக் காசு போனவர், "அவன் மேல ஒரு ஃபோர் ட்வென்டி போடுங்கம்மா"ன்னு நிக்கறாரு. முன்னூத்திப் பதினெட்டு பிராக்கெட் நாலுன்னு சொன்னா, ஏதோ கேஸை நான் லைட்டாக்கிட்ட மாதிரி முகம் வாடிப் போகுது அவருக்கு.

மீதிப் பாதி தப்பு, ஏன்னா 2024 ஜூலைக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு இன்னும் ஐபிசிதான். அந்தக் கேஸெல்லாம் முடிய நம்ம ஊர் வாய்தா வேகத்துல எத்தனை வருஷம்னு உனக்கே தெரியும். எப்போ சேர்ந்தாலும் ரெண்டையும் படிச்சாகணும்.

15 ஜூன் 2025, மதியம் 3.15

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அம்மாவோட பென்ஷன் பேப்பர் தேட டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் பழைய பேங்க் பாஸ்புக் கிடைச்சுது.

நான் ஒன்றரை லட்சம் இலக்கு வச்சிருந்தேன், அதைத் தொட்டதும் அப்ளை பண்ணுவேன்னு. 2017ல தொட்டேன், பண்ணேன்னுதான் இத்தனை நாளா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன், உன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். பாஸ்புக்ல மார்ச் 2014, மீதி 1,58,400. மசி மங்கிப் போயிருக்கு, ஆனா எண்ணு நல்லாத் தெரியுது.

மூணு தடவை பார்த்தேன்.

15 ஜூன் 2025, இரவு 11.20

இப்போ ஞாபகம் வருது. 2014ல எனக்கு 30. கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், யாரோ வக்கீல் குமாஸ்தா, குத்துவிளக்கு வாங்க வந்தவர், "30க்கு மேல லா காலேஜ்ல எடுக்க மாட்டான் பாப்பா"ன்னாரு. நான் சரின்னுட்டு விளக்கை நிறுவைக்கு வச்சேன். 2008 விதியில அப்படி இருந்தது உண்மைதான், மூணு வருஷப் படிப்புக்கு பொதுப்பிரிவுக்கு 30ன்னு, மத்தவங்களுக்கு கொஞ்சம் கூட. ஆனா 2013லயே பார் கவுன்சில் அதை வாபஸ் வாங்கியிருக்கு! நான் காசு கையில வச்சுட்டு உக்காந்திருந்த 2014ல அந்த விதி கிடையாது. இது எனக்குத் தெரிஞ்சது லா காலேஜ்ல சேர்ந்தப்புறம். 2016 செப்டம்பர்ல சர்க்குலர் போட்டு திரும்பக் கொண்டு வந்தாங்க, 2017 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை கொடுத்துச்சு, அதைப் பேப்பர்ல பார்த்துட்டுதான் நான் அந்த வருஷம் ஃபாரம் போட்டேன்.

சரி, குமாஸ்தா சொன்னதை நான் ஏன் வேற யார்கிட்டயும் கேக்கல? கும்பகோணம் கோர்ட் கடையிலேருந்து நடக்கற தூரம். எங்க அப்பாவோட பாகப்பிரிவினை கேஸுக்காக வாய்தாவுக்கு வாய்தா போன இடம், அங்க எனக்குத் தெரிஞ்ச வக்கீலே நாலு பேர். கேக்கல. ஏன்னா 21 வயசுப் பசங்க நடுவுல போய் உக்கார வெக்கம். இங்கிலீஷ் வராதோன்னு பயம். அவர் சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு.

அதனால 23ஆம் தேதி எழுதின "முதல்ல காசு, அப்புறம் அப்ளிகேஷன்"ங்கறதை வாபஸ் வாங்கிக்கறேன். அது என் அனுபவம் கிடையாது, நான் எனக்குச் சொல்லிக்கிட்ட கதை.

16 ஜூன் 2025, காலை 6.50

ராத்திரி ரொம்ப சோகமா எழுதிட்டேன் போல. வெக்கம் எல்லாம் ஒரு வாரம்தான் தம்பி. முதல் நாள் நான் கிளாஸுக்குள்ள நுழைஞ்சப்போ மொத்தப் பசங்களும் எழுந்து நின்னாங்க, மேடம்னு நினைச்சு. நானும் ஒரு செகண்ட் போர்டு பக்கம் போயிட்டேன். அப்புறம் கடைசி பெஞ்சுக்கு நடந்தப்போ சிரிச்ச சிரிப்பு இருக்கே. மூணு வருஷமும் "அக்கா நோட்ஸ்"தான் அந்த பேட்ச் பூரா ஓடுச்சு, கணக்கு எழுதின கை, கோடு போட்டு அழகா எழுதுவேன். அதுல ஒருத்தன் இப்போ எனக்கு எதிர்த்தரப்பு வக்கீல். கோர்ட்லயும் அக்கான்னுதான் கூப்பிடறான், நீதிபதி முன்னாடி மட்டும் "லேர்ன்டு கவுன்சல்"ங்கறான்.

18 ஜூன் 2025, இரவு 9.30

சரி, நேரா பதில். உன்னோட பாஸ்புக்கை நீ எனக்குச் சொல்லிட்ட, மன்னார்குடியில சொந்த வீடு இருக்கு, அப்பா அரிசி மண்டியில இன்னும் வேலைக்குப் போறாரு, தங்கச்சி கல்யாணம் முடிஞ்சுது. உன் கையில இருக்கறது நான் 2014ல வச்சிருந்ததை விட அதிகம். இந்த வருஷமே போடு. வேலையை சீட் அலாட் ஆனப்புறம் விடு, அதுக்கு முன்னாடி விடாத, லிஸ்ட்ல பேர் வர்றது உன் கையில இல்ல. ஃபாரம்ல காலேஜ் வரிசை கொடுக்கறப்போ வீட்லேருந்து போயிட்டு வர்ற மாதிரி பார்த்துக்க, சென்னை ரூம் வாடகை மிச்சமானா அதுதான் உன்னோட முதல் ஜூனியர் வருஷத்துச் சாப்பாடு.

ஜட்ஜ் ஆகலன்னா என்னன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாரு. மூணு வருஷ விதி உனக்குப் பிடிக்கலன்னா, அதாவது அந்த மூணு வருஷம் வாய்தா கேட்டு, கட்டு தூக்கி, கிளார்க்குகிட்ட பேச்சு வாங்கறது தண்டனை மாதிரி தெரிஞ்சா, அப்போ இந்த வருஷமும் வேணாம், ரெண்டு வருஷம் கழிச்சும் வேணாம். எனக்கு அந்தப் பேச்சு வாங்கற நாளெல்லாம் பிடிச்சுது. முதல் தடவை சீனியர் வராம நானே எழுந்து "அட்ஜர்ன்மென்ட் ப்ரே பண்றேன் மை லார்ட்"னு முன்சீப்பைப் போய், ஹைகோர்ட் ஜட்ஜைச் சொல்ற மாதிரி, மை லார்டுன்னு சொன்னேன். பாவம், அவரே வெக்கப்பட்டாரு.

6 ஜூலை 2025, மாலை 5.00

ஃபாரம் போட்டுட்டேன்னு தம்பி மெசேஜ். கம்யூனிட்டி சர்டிஃபிகேட் ஸ்கேன்ல அப்பா பேர்ல இனிஷியல் ஒண்ணு மாறியிருக்காம், மார்க்‌ஷீட்ல ஒண்ணு இதுல ஒண்ணு. இப்பவே தாலுகா ஆபீஸ்ல சரி பண்ணிடு, இன்னைக்கு விட்டா என்ரோல்மென்ட் அப்போ இதே இனிஷியல் வந்து வழி மறிக்கும், எங்க பேட்ச்ல ஒருத்தி அதுக்காக நாலு மாசம் அலைஞ்சா.

31 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

லிஸ்ட்ல பேர் வந்துடுச்சாம், திருச்சி! கறுப்பு கோட்டு இப்பவே தைச்சுடவா அக்கான்னு கேக்கறான். வேணாம். மூட் கோர்ட்டுக்கு, அதாவது காலேஜ்ல பயிற்சிக்கு நடத்தற மாதிரிக் கோர்ட்டுக்கு, முன்னாடி தைச்சாப் போதும், அதுக்குள்ள வெளிச் சாப்பாட்டுல உடம்பு எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது. இப்போதைக்கு வெள்ளைச் சட்டை நாலு, நல்ல செருப்பு ஒண்ணு. மன்னார்குடியிலேருந்து பஸ்ல தஞ்சாவூர் வந்து ரயில் ஏறறதா இருந்தா கடைசிப் பெட்டிக்குப் போ, அதுலதான் உக்கார இடம் கிடைக்கும்.